கேன் தண்ணீர் வெள்ளரிக்காய்

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், வேலூரிலிருந்து ஒரு குட்டியானை வண்டி நிறையச் சாமான் வந்து இறங்கியது. செடி வைக்கிற பச்சைப் பைகள், தென்னைநார்க் கட்டி, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, மூங்கில் கழி, பூவாளி, ரப்பர் கையுறை, கூடவே தலைக்கு ஒரு ஓலைத் தொப்பி. தொப்பியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. காய் தின்ன ஆசைப்படுகிறவன் தொப்பி வாங்க மாட்டான். யாரோ பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்கிறவன்தான் வாங்குவான்.

மொட்டை மாடியில் வெள்ளரியும் தக்காளியும் போடப்போவதாகச் சொன்னார். நம் வீட்டில் வெள்ளரிக்காயை யார் தின்கிறார்கள் என்று கேட்டேன். இனிமேல் தின்போம் என்றார். சர்க்கரைக்கு நல்லது என்று ஏதோ வீடியோவில் பார்த்தாராம்.

நான் குறை சொல்லிப் பழகியவள். அதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருந்தேன். தைத்து வருகிற மேல்தோலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் தப்பிய இடத்தில் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். வட்டம் போட்டால் தைத்தவள் முறைப்பாள், போடாவிட்டால் சூப்பர்வைசர் முறைப்பார். இரண்டு முறைப்புக்கும் நடுவில் உட்கார்ந்து என் கண் அப்படி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தும் அது சும்மா இருக்கவில்லை. வட்டம் போடப் பேனாதான் இல்லை.

அவர் வேலை பார்த்தது வேறொரு தோல் கம்பெனி. அங்கே கழிவுநீரைச் சுத்தம் பண்ணுகிற பிளாண்ட்டில் ஆபீசர். ஆபீசர் என்றால் தண்ணீரைச் சுத்தம் பண்ணுவது அவர் வேலை என்று நினைக்கக் கூடாது. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று வருகிறவர்களுக்குச் சொல்வது அவர் வேலை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து அதில் ஆரஞ்சு கலர் மீன் விட்டிருந்தார்கள். பிளாண்ட்டில் சுத்தமான தண்ணீரில்தான் இவை வாழ்கின்றன என்று ஒரு பலகை. தோல் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களும் காலேஜ் பிள்ளைகளும் அந்தத் தொட்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடிக்கடி வேலூருக்குப் போய்ப் புது மீன் வாங்கி, பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறவர் இவர்தான். கேட்டால், மீனுக்கு நம்ம ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பார். தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்கு வெயில்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் போர் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் தண்ணீரும் கொட்டும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் குடத்தில் ஊற்றி வைத்தால் வெள்ளையாய்ப் படிந்து சுரண்டினாலும் போகாது. குடிக்க, சமைக்க கேன் தண்ணீர். முனிசிபல் குழாயில் எப்போதாவது நல்ல தண்ணீர் வரும், அதைத் தொட்டியில் பிடித்து வைத்துக் குளிப்போம். அந்தத் தொட்டியில் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். யார் கேட்டார்கள், போர் இருக்கும்போது எனக்கு எதுக்கு அது என்றார்.

போர்த் தண்ணீரை ட்யூப் மாட்டி மாடிக்கு ஏற்றிக் காலையும் மாலையும் பாய்ச்சினார். விதை முளைத்தது. முளைத்ததைச் சொல்ல வேண்டும், வெள்ளரி விதை முளைத்து இரண்டு இலையை விரிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அதைப் படமெடுத்து மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கே எல்லோரும் இவரை ஐயா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு அவரை யாரும் சார் என்றுகூடக் கூப்பிடவில்லை. ஐயா என்றதும் ஆள் ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி நடந்தார்.

கொடி பந்தலில் ஏறிய சமயம் இலை ஓரமெல்லாம் கருக ஆரம்பித்தது. அப்பளத்தைத் தணலில் சுட்டால் ஓரம் கருகுமே, அந்த மாதிரி. முதலில் வெயில் என்றார். பச்சை வலை வாங்கிக் கட்டினார். வலைக்குக் கீழேயும் கருகியது. பூச்சி என்று வேப்பெண்ணெய் அடித்தார். மாடி முழுக்க ஒரு மாதம் அந்த நாற்றம், காயப்போட்ட துணியெல்லாம் அதே நாற்றம். அப்புறம் என் துணிமேலேயே பழி வந்தது. துவைத்த புடவையிலிருந்து சொட்டுகிற சோப்புத் தண்ணீர் பையில் விழுகிறதாம். கொடிக்கயிற்றைப் படிக்கட்டுப் பக்கம் மாற்றினேன். அப்படியும் கருகியது. பையில் மண்மேல் வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடந்ததை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். இது நல்ல உரத்துக்கு அடையாளம் என்றார்.

தண்ணீராக இருக்குமோ என்று ஒரே ஒரு தரம் கேட்டேன்.

பூவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணியப் பத்தி எங்கிட்டயே சொல்றியா நீ?"

அதோடு விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. மழை நின்று மேலே போய்ப் பார்த்தால் செடியெல்லாம் துளிர்விட்டுப் பச்சைப் பசேலென்று நிற்கிறது. அதற்கு முந்தின வாரம் மத்தி மீனும் வெல்லமும் சேர்த்து ஒரு டப்பாவில் ஊறவைத்து அந்தக் கரைசலைத் தெளித்திருந்தார். மீன் கரைசலின் மகிமை என்று குழுவில் நீளமாக எழுதினார். ஊரெல்லாம் சாக்கடை வழிந்து, தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. மழை பெய்தது என்று அவருக்கு மட்டும் தெரியவில்லை.

மழை போனதும் மறுபடியும் போர்த் தண்ணீர், மறுபடியும் கருகல். எப்படியோ பிடித்த காய்கள் வந்தன. தக்காளிக்கு அடிப்பக்கம் கறுத்துக் குழி விழுந்திருந்தது. கறுத்ததை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைத்து, இயற்கையாக விளைந்தது இப்படித்தான் இருக்கும் என்றார். வெள்ளரிக்காய் வளைந்து சுருண்டு, நாக்கில் வைத்தால் வேப்பங்காய். கசப்பு சர்க்கரைக்கு நல்லது என்று மென்று முழுங்கினார். முழுங்கும்போது கண் கலங்கியதை நான் கவனித்தேன். எனக்குக் கொடுத்த பங்கைத் தெருவில் போகிற மாட்டுக்குப் போட்டேன். சுவரில் ஒட்டிய போஸ்டரை உரித்துத் தின்கிற மாடு அது. முகர்ந்து பார்த்துவிட்டுப் போஸ்டரையே தேடிப் போயிற்று.

பக்கத்து வீட்டில் தோல் மண்டி வைத்திருக்கிற பாய் குடும்பம். அந்த வீட்டம்மா கார்த்திகை மாதத்தில் ஒரு கிண்ணம் தக்காளி கொடுத்தனுப்பினார். பெயின்ட் டப்பாவில் வைத்த இரண்டு மூன்று செடியில் காய்த்ததாம். சின்னச் சின்னதாய், பளபளவென்று, ஒன்றிலும் கறுப்பு இல்லை. என் வீட்டுக்காரர் அதில் ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மற்றதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். என் செக்கிங் டேபிளில்கூட யாரும் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. என்ன உரம் போடுகிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார். உரமெல்லாம் ஒன்றுமில்லை அக்கா, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றுகிறேன், நம்ம போர் தண்ணி ஊத்தினா செத்துடுமே என்று அந்தம்மா சாதாரணமாகச் சொன்னார்.

அதை அப்படியே வந்து சொன்னேன். கடைசி வார்த்தையை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை. ஏசித் தண்ணீரில் ஏதோ தனி சத்து இருக்கிறது என்று முடிவு பண்ணினார். அதுவரைக்கும் ஏசி வேண்டாம், உடம்புக்கு ஆகாது என்று என்னைப் பத்து சித்திரை வெயிலில் வேகவைத்த மனிதர், மார்கழி பிறந்ததும் ஏசி வாங்கி மாட்டினார். வெளியே சொட்டுகிற குழாய்க்குக் கீழே பக்கெட் வைத்தார். நான் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கிப் படுத்திருப்பேன், அவர் காதுக்குக் குல்லா போட்டுக்கொண்டு தூங்குவார். மார்கழியில் ஏசி போட்டால் தண்ணீர் எங்கிருந்து வரும்? காலையில் போய்ப் பார்த்தால் பக்கெட்டின் அடியில் ஒரு சொம்பு தேறாது. அந்த ஒரு சொம்பையும் பயபக்தியோடு மேலே எடுத்துப் போவார்.

பழைய செடிகளைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, மண்ணை மாற்றித் தை பிறந்ததும் புதிதாக விதைத்தார். இந்த முறை என்னை மேலே வர வேண்டாம் என்றார். என் கண் படுகிறதாம். நானும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் கேன் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர ஆரம்பித்தது. காலையில் மாற்றிய கேன் மத்தியானம் சோறு வடிக்கப் போனால் பாதியாக இருக்கும். சர்க்கரை ஏறிவிட்டதோ, தண்ணீர் தவிக்கிறதோ என்று முதலில் எனக்குப் பயமாக இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றுகூடச் சொன்னேன். வேண்டாம் வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னார். அந்த அவசரத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிப் படுத்திருந்தேன். சமையல்கட்டில் கேன் நகர்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மேலே போனேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு, மனிதர் கேனைப் பிள்ளையைப் போல இடுப்பில் சாய்த்துப் பிடித்துப் பூவாளிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கோபம் வரவில்லை. அவ்வளவு வருஷம் பேச்சைக் கேட்டவளுக்கு, அதைப் பார்த்ததில் ஒரு திருப்திதான் வந்தது. கதவோரம் நின்றுகொண்டு கேட்டேன்.

"இத்தனை வருஷம் அந்தத் தண்ணி நல்ல தண்ணின்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே. இந்தச் செடிக்கும் சொல்லிப் பாக்கறதுதானே?"

ஊற்றுவதை நிறுத்தவில்லை. பூவாளி நிறைகிறவரை பொறுமையாக ஊற்றினார். அப்புறம் கேனை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"மனுஷங்களுக்குச் சொல்லலாம். ஒத்துப்பாங்க. இது சொன்னா கேக்க மாட்டேங்குது."

வெட்கமோ வருத்தமோ ஒன்றும் குரலில் இல்லை. வெள்ளரியின் குணத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுத் தண்ணீர் விடப் போனார். நான் கீழே வந்து மாடிக்கென்று தனியாகக் கேன் போடச் சொல்லி ஏற்பாடு பண்ணினேன். வேறென்ன செய்ய? சோற்றுக்குத் தண்ணீர் வேண்டாமா?

கேன் தண்ணீரில் செடி எப்படி வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பங்குனியில் பந்தல் தெரியாத அளவுக்குக் கொடி மூடிவிட்டது. மஞ்சள் பூவுக்கு அடியில் பிஞ்சு விரல் விரலாய்த் தொங்கியது. தக்காளிச் செடியை உரசிக்கொண்டு போனால் கையிலெல்லாம் அந்தப் பச்சை வாசனை ஒட்டிக்கொண்டு சோப்புப் போட்டாலும் போகாது. காயை ஒடித்தால் படக்கென்று ஒடிந்தது. கசப்பே இல்லை. ஊரில் விலை கொடுத்து வாங்கிக் குடிக்கிற தண்ணீரை ஊற்றினால் கல்லும் காய்க்கும் என்று சொல்லிவிட்டு நானும் தின்றேன். இரண்டாவது காயையும் தின்றேன்.

அந்தச் சமயத்தில் என் தம்பி வந்தான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிறந்த ஊர் பாலாற்றங்கரையில், விரிஞ்சிபுரம் போகிற வழியில் இருக்கிறது. அப்பா போன பிறகு நிலத்தைத் தம்பிதான் பார்த்துக்கொண்டான். ஆற்றில் கலந்த தோல் கம்பெனிக் கழிவால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போய்த் தென்னை சூம்ப ஆரம்பித்தபோது, ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம் காட்டலாம் என்று என் வீட்டுக்காரரின் ஆபீசுக்குப் போனான். இவர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, மீன் தொட்டியைக் காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார். அவனும் நம்பிக்கொண்டு வந்து மறுபடியும் நெல் போட்டான். நெல் வரவில்லை. வயிறெரிந்து போய் என் வாசலில் நின்று கத்தியவன்தான். ஆனால் அவனை ஏமாளி என்று நினைத்தால் நினைக்கிறவர்தான் ஏமாளி. எரிச்சல் ஆறியதும் நிலத்தை மனை போடுகிற ஒரு பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பார்ட்டியிடமே புரோக்கராகச் சேர்ந்துகொண்டான். இப்போது வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் இரண்டு போன். பேச்சில் முக்கால்வாசி சார், மேடம்.

மேலே போய்ப் பந்தலைப் பார்த்தான். ஒரு காயைப் பறித்து வேட்டியில் துடைத்து நின்றபடியே கடித்தான். கடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் முகத்தில் கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது. எங்கள் பழைய நிலத்தில் போட்ட மனைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவாம். புதுசாகப் போர் போட்டிருக்கிறார்களாம். வருகிறவர்கள் எல்லோரும் முதல் கேள்வியாகத் தண்ணீரைத்தான் கேட்கிறார்களாம். மாமா வந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும், கூடவே இந்தப் பைகளில் கொஞ்சம் எடுத்துப் போய் போர் பக்கத்தில் வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றான்.

என் வீட்டுக்காரர் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் மச்சான் என்றார். ஆனால் எந்தப் பைகளைக் கொடுக்கலாம் என்று அப்போதே கண் தேட ஆரம்பித்துவிட்டது.

நான் தம்பியிடம் கேட்டேன், அந்த மண்ணில் எது போட்டாலும் வரவில்லை என்றுதானே விற்றாய் என்று.

"அக்கா, அது விவசாயத்துக்கு. இது வீடு கட்டறதுக்கு," என்றான்.

ஒரே குடும்பத்தில் இரண்டு பேர். ஒருத்தர் தண்ணீரை மனுஷங்களுக்கு, செடிக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார். இவன் விவசாயத்துக்கு, வீட்டுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறான். நான் கீழே இறங்கிப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியானை வந்தது. செடிகளை ஏற்றும்போது என் வீட்டுக்காரர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். கல்யாணப் பெண்ணை வண்டி ஏற்றுகிறவர்கள்கூட அப்படி அலற மாட்டார்கள். கொடி ஒடியும், பூ உதிரும், மெல்ல, மெல்ல என்று வண்டிக்காரரைப் பேஜார் பண்ணிவிட்டார். செடிகளோடு பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்று அடம்பிடித்தார். ஓய்வு பெற்ற ஆபீசர் சரக்கு வண்டியில் வெள்ளரிக்கொடியைப் பிடித்துக்கொண்டு ஹைவேயில் போனார். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்குச் சம்பந்தமில்லை என்கிற முகத்தோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் நிலம் இருந்த இடத்தில் சிவப்பு மண் கொட்டி, வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். கிணறு இருந்த இடம் தெரியவில்லை. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட்டு, ஒரு ஓரத்தில் பிரியாணி அண்டா. நடுவில் புது போர்க் குழாய்க்கு மாலை போட்டுப் பொட்டு வைத்து, மோட்டாரைத் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் பளிங்கு மாதிரிதான் கொட்டியது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கொட்டும். அதைச் சுற்றிச் செடிகளை அடுக்கியதும் தம்பியின் ஆள் ஒருத்தர் ஒரு பேனரைக் கொண்டுவந்து மேலே கட்டினார். ‘இந்த மண்ணின் சுவையான நீரில் விளைந்த காய்கறிகள்.’

என் வீட்டுக்காரர் அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். முகம் சுருங்கியது. தம்பி அவரைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போய், நீர் மேலாண்மை நிபுணர் என்று மைக்கில் சொன்னான். இவர் எழுந்து பழைய பழக்கத்தில் நன்றாகவே ஆரம்பித்தார். நீரின்றி வாழ்க்கை இல்லை, நிலத்தடி நீர் நம் சொத்து, அது இது என்று எதிலும் பிடிகொடுக்காமல் கொஞ்சம் பேசிவிட்டு உட்கார்ந்தார். எல்லாம் சுமுகமாகப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

பேச்சு முடிந்து எல்லோரும் போர் பக்கம் வந்தார்கள். வேலூரிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று பேச்சில் தெரிந்தது. வாடகை வீட்டிலேயே இருந்து சலித்துவிட்டது, எப்படியாவது ஒரு மனை வாங்கிவிட வேண்டும் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். செடிகளைக் குனிந்து பார்த்தாள். ஒரு வெள்ளரிக்காயை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"சார், இதெல்லாம் உண்மையாவே இந்தத் தண்ணியில வளந்ததா?"

தம்பி சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வாயெடுத்தான். இவர் முந்திக்கொண்டார்.

"இல்லம்மா. இது கேன் தண்ணி. எங்க வீட்டு மாடியில நான் வளத்தது."

தம்பி, மாமா இன்னா சொல்றீங்க என்று காதோரம் கேட்டான். கேக்கறாங்க சொல்றேன் மச்சான் என்றார். அதற்கப்புறம் அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. விதையை எத்தனை மணி நேரம் ஊறவைத்தார், போர்த் தண்ணீரில் முதல் செடிகள் எப்படிக் கருகின, மார்கழியில் ஏசி போட்டுச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் பிடித்தது, கேனை மனைவிக்குத் தெரியாமல் மாடி ஏற்றியது என்று எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மேடைப் பேச்சுக்குக் கொட்டாவி விட்டவர்கள் இப்போது அவரைச் சுற்றி நின்று கேட்டார்கள். ஒருத்தர் போனில் வீடியோகூட எடுத்தார். மாலை போட்ட போர் யாரும் பார்க்காமல் தனியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தம்பி போய் அவனே மோட்டாரை நிறுத்தினான்.

நர்ஸ் பெண் புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிரியாணிகூட வாங்கவில்லை. போகும்போது இவரிடம் தேங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வளவையும் நின்று கேட்டார்கள், தலையாட்டினார்கள், உரம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். அப்புறம் வரிசையாகப் போய் மனைக்கு அட்வான்ஸ் கட்டினார்கள். ரோடு பக்கத்தில் இருக்கிறது, விலை ஏறும் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். தண்ணீரைப் பற்றிய முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர்கள் ஒன்றும் செய்யவில்லை.

தம்பி எங்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடவில்லை. செடிகளையும் ஏற்றவில்லை. பஸ்ஸைப் பிடித்து வந்தோம். வழியில் இவரிடம் கேட்டேன், ஏன் சொன்னீர்கள் என்று. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த முகத்தைப் பார்த்தால், ஏதோ பெரிய வார்த்தை வரப்போகிறது என்று யாரும் நினைப்பார்கள். எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. எத்தனை வருஷத்துப் பாரம், என் அப்பாவின் நிலத்துக்கே வந்து இறக்கி வைத்துவிட்டாரோ என்று.

"மூணு மாசம் கஷ்டப்பட்டு நான் வளத்தேன். அவன் போர் வளத்துச்சுன்னு பேனர் கட்றான்," என்றார்.

அவ்வளவுதான். மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அவரே அதற்கு இடம் கொடுக்கவில்லை. தன் வெள்ளரிக்காயின் பெயரை இன்னொருத்தன் குழாய்க்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. மீனை அவர் வளர்க்கவில்லை, வாங்கி வந்து விட்டார். அதனால் மீன் விஷயத்தில் பொய் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. ஒரு உண்மையை வாயிலிருந்து வரவழைக்க ஒரு மனிதனுக்கு இவ்வளவு தலைக்கனம் தேவைப்படுகிறது. அந்த நர்ஸ் பெண் அதற்கும் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி ஒரு மாதம் போன் எடுக்கவில்லை. கத்திரி வெயில் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் காலையில் வாசலில் அதே வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் பைகளை இறக்கி வைத்துவிட்டு, உங்க தம்பி கொடுக்கச் சொன்னாரு என்று போய்விட்டார். மனையில் யாரோ அந்தப் போர்த் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். கொடி முழுக்கக் காய்ந்து கயிறாகிக் கிடந்தது. தக்காளிச் செடியில் கடைசிக் காய் ஒன்று கறுத்துச் சுருங்கிக் குச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் வாசப்படியில் உட்கார்ந்து ஒரு பையை இழுத்து வைத்துக்கொண்டார். மண்மேல் பூத்திருந்த வெள்ளையை விரலால் சுரண்டினார். நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார்.

"தண்ணிதான்," என்றார். "அந்த எடத்துத் தண்ணி மகா மோசம். உன் தம்பிக்கு இது தெரிஞ்சிருக்கணும்."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வார்த்தை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவன் ஊர்த் தண்ணீர் மோசம், அவ்வளவுதான். எங்கள் வீட்டு போரைப் பற்றியோ, அவர் கேட்டில் நின்று காட்டிய தண்ணீரைப் பற்றியோ இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. காய்ந்த கொடிகளை உதறிப்போட்டுவிட்டு, மண்ணைக் கொட்டி அலச வேண்டும் என்று என்னையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கனமாகத்தான் இருந்தது.

ஆடியில் சுரைக்காய் போட்டிருக்கிறார். சுரைக்கு வெள்ளரியைவிடத் தண்ணீர் ஜாஸ்தி வேண்டுமாம். கேன் போடுகிறவர் இப்போதெல்லாம் எங்கள் கதவைத் தட்டுவதில்லை, நேராக மாடிக்கே ஏறிவிடுகிறார். சமையலுக்கு வேண்டிய கேனை நான் மேலே போய்க் கேட்டு, படியில் உருட்டிக்கொண்டு இறக்க வேண்டியிருக்கிறது.